எரியாத மரமும் எரியும் மண்ணும்

திருவக்கரைக்குப் பௌர்ணமியன்று போனால் வக்கிரகாளியம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் கால்வைக்க இடமிருக்காது. மற்ற நாள்களில் சாலையில் ஜல்லி லாரிகளின் கூட்டம். கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சற்றுத் தள்ளியிருக்கும் கல்மரப் பூங்கா பக்கம் தலைவைப்பதில்லை. வருகிற சிலரும் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, "வெறும் கல்லுதான்" என்று திரும்பிவிடுகிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில், வேலிக்குள், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழைய காடு ஒன்றின் மிச்சம் வெயிலில் கிடக்கிறது.

எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளோடு போயிருந்தேன். பள்ளியில் அவளுக்கு எரிதலும் புதைபடிவ எரிபொருள்களும் நடத்தி முடித்திருந்தார்கள். எரிவெப்பநிலை, கலோரி மதிப்பு, முழுமையற்ற எரிதல் என்று வரையறைகளைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். ஆனால் நிலக்கரியைக் கையில் தொட்டதில்லை. காஸ் அடுப்பில் வளர்ந்தவளுக்கு விறகு எரிவதைப் பார்ப்பதே பொங்கலன்று மட்டும்தான். பாடத்தில் வரும் பொருள்களை அவை கிடக்கிற இடத்திலேயே காட்டிவிடலாம் என்று திட்டம் போட்டேன். திருவக்கரை, நெய்வேலி, கடைசியாக வடலூர். மூன்றும் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

திண்டிவனத்தைத் தாண்டி மயிலம் வழியாகத் திருவக்கரை வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. செம்மண் மேட்டில், யாரோ வெட்டிப் போட்டுவிட்டு எடுக்க மறந்த கட்டைகளாக மரங்கள் கிடந்தன. சில நாலடி, ஐந்தடித் துண்டுகள். சில முழு நீள அடிமரங்கள். 15 மீட்டர் வரை நீளமானவையும் உண்டு. கிட்டே குனிந்து பார்த்தால் கணு தெரிகிறது, கிளை ஒடிந்த வடு தெரிகிறது, குறுக்கே உடைந்த முகத்தில் வளையங்கள் தெரிகின்றன. விரலால் தடவினால் மரத்தின் நாரோட்டம் சொரசொரவென்று நெருடுகிறது. ஒரு சிறு துண்டைத் தூக்க முயன்றபோதுதான் இது மரமல்ல என்பதைக் கை ஒப்புக்கொள்கிறது. அத்தனை கனம்.

எந்த மரத்துக்கும் வேரில்லை, கிளையில்லை, இலையின் அச்சுகூட இல்லை. அதனால் இவை இங்கே வளர்ந்தவையல்ல, வேறெங்கோ சாய்ந்து பெருவெள்ளத்தில் உருண்டுவந்து ஆற்று மணலில் புதைந்தவை என்கிறார்கள் புவியியலாளர்கள். 1780களின் தொடக்கத்தில் சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதிவைத்தார். அதற்கு முன்பும் ஊர்க்காரர்கள் இவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

"இதை அடுப்புல வெச்சா எரியுமா மாமா?"

நல்ல கேள்வி. எரியாது என்பது அவளுக்கே தெரியும். ஏன் எரியாது என்பதில்தான் வேதியியல் இருக்கிறது. மணலில் புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் ஊறியது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளுக்குள் படிந்தது. மரப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வெளியேற, அது காலிசெய்த இடத்தில் சிலிக்கா குடியேறியது. இப்போது மிச்சமிருப்பது மரத்தின் வடிவம் மட்டும்தான், பொருளெல்லாம் கல். சிலிக்கா என்பது சிலிக்கன் ஆக்சிஜனோடு ஏற்கெனவே சேர்ந்து முடிந்த சேர்மம். நாம் எரிதல் என்று சொல்வதும் ஒரு பொருள் ஆக்சிஜனோடு வேகமாகச் சேர்வதைத்தான். சேர்ந்து முடிந்துவிட்டதை இன்னொரு தரம் எரிக்க முடியாது. தண்ணீர் எரியாததற்கும் கார்பன் டை ஆக்சைடு எரியாததற்கும் இதுதான் காரணம்.

"அப்ப சாம்பலும் அதனாலதான் எரியாதா?" என்றாள். பாடத்தில் இல்லாத ஒன்றை அவளாகவே எட்டிப் பிடித்த இடம் அது.

விழுப்புரம் வந்து பண்ருட்டிச் சாலையைப் பிடித்தோம். பண்ருட்டியில் சாலையோரம் பலாப்பழங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, காலுக்குக் கீழே சிவந்த மண். அந்தச் செம்மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்று பெயர். திருவக்கரை மரங்கள் கிடப்பதும் அதே பாறைத் தொகுதியில்தான். நெய்வேலிச் சுரங்கத்தில் கரிக்கு மேலே மூடிக் கிடப்பதும் அதுவேதான். அங்கே கல்லான மரத்தையும் இங்கே கரியான மரத்தையும் ஒரே பாறை போர்த்தியிருக்கிறது என்று சொன்னபோது வரைபடத்தை இன்னொரு தரம் விரித்துப் பார்த்தாள்.

நெய்வேலியின் கதை கிணற்றில் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதை அவர் அலட்சியப்படுத்தாமல் அரசுக்குத் தெரிவித்தார். பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து முதல் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அந்த முதல் நிலையம் ஐம்பது ஆண்டுக்கு மேல் உழைத்து 2020இல் ஓய்வுபெற்றுவிட்டது. புதிய நிலையங்கள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன.

டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் வேறு ஊருக்கு வந்துவிட்ட உணர்வு. அகலமான சாலைகள், வரிசையாக மரங்கள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பெயருக்குப் பதில் வட்ட எண்கள். மைன்ஸில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற, அப்பாவின் நண்பர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் உதவியால் அனுமதி பெற்று, சுரங்கத்தைப் பார்க்கும் மேட்டுக்குப் போனோம்.

சுரங்கம் என்றதும் என் மருமகள் குகையைக் கற்பனை செய்திருந்தாள். இது திறந்தவெளிச் சுரங்கம். பூமியைப் படிப்படியாக வெட்டி இறக்கியிருக்கிறார்கள். எதிர்க்கரையில் நகரும் லாரி எறும்பளவுகூட இல்லை. மேலே செம்மண், அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக மணற்பாறை, ஆகக் கீழே கறும்பழுப்பாக ஒரு பட்டை. அந்தப் பட்டைதான் கரி. அதை எட்ட 50 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு மேலும் மண்ணை அகற்ற வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த பிரம்மாண்டமான சக்கர எந்திரங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி இரும்பு வாளிகள். சக்கரம் சுற்றச் சுற்ற வாளிகள் பாறையைச் சுரண்டிக் கன்வேயரில் கொட்டுகின்றன. ஊரில் இதைப் பக்கெட் வீல் என்பார்கள்.

"மண்ணை வெட்டுறதுகூடப் பெரிசில்ல தம்பி. தண்ணியத்தான் முதல்ல ஜெயிக்கணும்" என்றார் பெரியவர். கரிப்பட்டைக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் அடைபட்டுக் கிடக்கிறது. மேலிருக்கும் மண்ணை அகற்றினால் பாரம் குறைந்துவிடும். கீழேயிருக்கும் நீர், கொதிக்கும் பால் தன்மேல் மூடிய தட்டைத் தள்ளுவதுபோல, சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் சுற்றிலும் குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகல் பாராமல் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு அனல்மின் நிலையங்களுக்கே பயன்படுகிறது. சுற்றுவட்டார விவசாயிகள் நிலத்தடி நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று பல ஆண்டாகச் சொல்லிவருவதும் இந்த இறைப்பைப் பற்றித்தான்.

மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டோம். ஷோகேஸில் பரிசுக் கோப்பைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதைத் திறந்து, கையளவுக் கட்டி ஒன்றை எடுத்து மருமகளின் கையில் வைத்தார். "பாத்துப் புடி பாப்பா, உதிரும்."

கன்னங்கரேலென்று எதிர்பார்த்தவளுக்கு ஏமாற்றம். காபித்தூள் நிறம். தூக்கினால் லேசாக இருக்கிறது. ஒரு பக்கம் மண்ணாங்கட்டி மாதிரி, மறுபக்கம் நாரோட்டம் அப்படியே தெரிகிறது. அந்தப் பக்கத்தைக் காட்டினால் மரத்துண்டு என்றே யாரும் சொல்வார்கள். காய்ந்து காய்ந்து குறுக்கும் நெடுக்கும் வெடித்திருந்தது. அவள் கையில் பழுப்புப் பொடி ஒட்டிக்கொண்டது. சுரங்கத்திலிருந்து எடுத்த அன்று இதில் பாதி எடை தண்ணீர் என்றார் பெரியவர்.

திருவக்கரை மரம் ஏன் கல்லானது, இது ஏன் கரியானது? மணலில் புதைந்த மரத்துக்கு நீரோடு சிலிக்கா வந்தது. இந்த மரங்களோ சதுப்பு நிலத்தில் விழுந்தன. தேங்கிய நீருக்கடியில் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் முழுதாக மக்க முடியாது. மக்குவதும் மெதுவாக எரிவது போன்ற வேலைதான். பாதி மக்கிய தாவரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, மேலே மண் ஏறி, அழுத்தமும் சூடும் கூடக் கூட, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கழன்று கார்பனின் பங்கு கூடிக்கொண்டே போனது. முதலில் பீட், அதன்பின் லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரி. இன்னும் பல கோடி ஆண்டு, இன்னும் ஆழம் என்று கிடைத்திருந்தால் ராணிகஞ்ச், ஜாரியாவில் கிடைக்கும் பிட்டுமினஸ் ஆகியிருக்கும். அதற்கும் அப்பால் ஆந்த்ரசைட். நெய்வேலிக் கரி அந்த நீண்ட பாதையில் தொடக்கத்திலேயே நிற்கிறது.

"கொளுத்தாமலே இது பத்திக்கும், தெரியுமா?" என்றார் பெரியவர். பாடத்தில் தன்னிச்சையாக எரிதல் என்று வரும் பகுதியின் நேரடி சாட்சி அவர். குவித்துவைத்த கரி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு மெல்லச் சேரத் தொடங்கும். அதில் கொஞ்சம் சூடு பிறக்கும். குவியலின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. சூடு கூடினால் சேர்க்கை வேகமாகும், வேகமானால் சூடு இன்னும் கூடும். எரிவெப்பநிலையைத் தொட்ட நிமிடத்தில் புகைய ஆரம்பித்துவிடும். "மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. கிட்ட போனா ஒரு நாத்தம் வரும். அதுதான் சிக்னல். தண்ணி அடிச்சு, கிளறி, நெரவிடுவோம்." எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் என்று முக்கோணம் வரைந்து மூலைகளில் எழுதுகிறார்களே, அதில் வெப்பம் என்ற மூலையை வெட்டும் வேலை அது.

அனல்மின் நிலையத்தில் நடப்பது இதன் நேரெதிர்: முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கட்டுக்குள் வைத்து, இரவு பகலாக எரிப்பது. கரியைச் சூடான புகைவாயுவில் உலர்த்தி மாவாக அரைத்து, காற்றோடு கலந்து கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள். கட்டியாக இருந்தால் வெளிப்பக்கம் மட்டும்தான் காற்றைத் தொடும். மாவானால் ஒவ்வொரு துகளையும் ஆக்சிஜன் சூழ்ந்துகொள்ளும், நொடிக்குள் எரிந்துவிடும். அந்தச் சூட்டில் நீர் ஆவியாகி, ஆவி டர்பைனைச் சுழற்ற, மின்சாரம். இந்த மாவு அளவில்லாமல் சேர்ந்து பற்றினால் எவ்வளவு ஆபத்து என்பதை அந்த ஊர் அறியும். 2020இல் மே மாதமும் ஜூலையிலும் நடந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தார்கள். பெரியவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு மருமகள் கணக்குப் போட்டாள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி. ஒரு யூனிட்டில் 75 வாட் மின்விசிறி 13 மணி நேரம் ஓடும். ஆக, ராத்திரி தூங்கிக் காலையில் எழுவதற்குள் ஒரு கட்டிக் கரி போய்விடுகிறது. எங்கே போகிறது? 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகும் என்பது சமன்பாடு. அதாவது ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் மூன்றரைக் கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. எரிந்தால் எடை குறையும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அடுப்பில் சாம்பல்தானே மிஞ்சுகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனுடையது, அது கண்ணுக்குத் தெரியாமல் புகைபோக்கி வழியே போய்விடுகிறது என்றதும் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொரு கணக்கு என்னையே யோசிக்கவைத்தது. விறகின் கலோரி மதிப்பு கிலோவுக்கு 17,000 முதல் 22,000 கிலோஜூல் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். சுரங்கத்திலிருந்து எடுத்த ஈரமான நெய்வேலிக் கரிக்கு அது ஏறத்தாழ 11,000தான். அதன் சூட்டில் ஒரு பங்கு, தனக்குள்ளிருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். 2 கோடி ஆண்டு பூமிக்குள் கிடந்த ஒன்று, கடையில் வாங்கும் காய்ந்த சவுக்கு விறகைவிடக் குறைவாகத்தான் சூடு தருகிறது! பிறகு ஏன் இத்தனை எந்திரம், இத்தனை தண்ணீர், இத்தனை நிலம்? சவுக்கை நட்டு நான்கைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். கரியை யாரும் வளர்க்க வேண்டியதில்லை. ஓராண்டில் ஒரு சுரங்கத்திலிருந்து மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேலும் அள்ளலாம். நெய்வேலியில் நாம் தோண்டி எடுப்பது, காத்திருக்கத் தேவையில்லாத விறகு. நமக்காக ஏற்கெனவே காத்துக்கிடந்த காலம்.

அந்தக் காலத்துக்கு விலை இல்லாமலில்லை. 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காக, பச்சையாய் நின்ற நெற்பயிரின் மேல் எந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நிலம் கையகப்படுத்தி இழப்பீடு கொடுத்தாகிவிட்டது என்றது ஒரு தரப்பு. விளைந்ததை அறுக்கும்வரையாவது பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டது மறுதரப்பு. கரிக்காகத் தலைமுறை தலைமுறையாய் ஊரைக் காலிசெய்தவர்களின் வேலைக் கோரிக்கை இன்னும் ஓயவில்லை. அதே கரி தந்த மின்சாரத்தில்தான் தமிழ்நாட்டின் ஆலைகளும் பம்புசெட்டுகளும் ஓடின. லெக்கோ என்ற பெயரில் வந்த புகையில்லாக் கரிக்கட்டியில் எங்கள் பாட்டி சென்னையில் சமைத்தார். ஊரைச் சுற்றி வந்தால் இரண்டில் எதையும் பொய் என்று தள்ள முடியவில்லை.

வடலூர் நெய்வேலியிலிருந்து கூப்பிடு தூரம். சத்திய ஞான சபையின் ஜோதி தரிசனத்துக்குத் தைப்பூசத்தன்று லட்சக்கணக்கில் வருவார்கள். நாங்கள் போனது பசித்தவர்களுக்குச் சோறிடும் தரும சாலைக்கு. 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது இந்த இடத்தின் பெருமை. நீண்ட கோட்டையடுப்பு. எந்நேரமும் ஒரு பக்கம் விறகு கனிந்துகொண்டே இருக்கிறது. கட்டையின் நுனியில் சுடர், நடுவில் சுடரில்லாமல் செந்தணல். இரண்டும் ஏன் வேறு என்று கேட்டாள். சூட்டில் விறகிலிருந்து வெளியேறும் வாயுக்கள் எரியும்போது சுடர்; அவை தீர்ந்தபின் மிச்சமிருக்கும் கரி, சுடரில்லாமல் கனலும். சுவரெல்லாம் அப்பியிருந்த கரும்புகை, ஆக்சிஜன் போதாமல் பாதியில் நின்ற எரிதலின் அடையாளம். ஒரே அடுப்பில் பாடத்தின் பாதிப் பக்கங்கள் இருந்தன.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பசியை நெருப்பாகவே பார்த்தவர் வள்ளலார். அதை அவிப்பதையே தலையாய அறமாகச் சொன்னார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் லவாய்சியர் சோதித்துக் காட்டியதும் அதற்கு அருகில் வருகிறது: நாம் மூச்சு விடுவதும் ஒருவகை மெதுவான எரிதல். சோற்றின் கார்பன் நாம் இழுக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை மூச்சில் விடுகிறார். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நெய்வேலிக் கரி விடுவதும் ஏறத்தாழ அதே அளவுதான், சற்றே கூட.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானே மாமா? ஏன் கரியை மட்டும் தப்புங்கறாங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை தூரம் வந்தோம் என்று தோன்றியது. சோற்றின் கார்பன் போன பருவத்தில் நெற்பயிர் காற்றிலிருந்து எடுத்தது; அடுத்த பருவத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும். அடுப்பு விறகின் கார்பன் சில ஆண்டுக்கு முன் மரம் எடுத்தது. வெட்டிய இடத்தில் மறுபடி நட்டால் அதுவும் திரும்பிவிடும். நெய்வேலிக் கரியின் கார்பனோ 2 கோடி ஆண்டுக்கு முன் காற்றிலிருந்து விலகி, கணக்கிலேயே இல்லாமல் பூமிக்குள் கிடந்தது. அதை அறுபது ஆண்டாக அள்ளி எரிக்கிறோம். திரும்ப எடுத்துக்கொள்ள அந்தச் சதுப்புக் காடு இப்போது இல்லை. உலகம் முழுதும் இப்படி எரித்ததில்தான், தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டி நிற்கிறது. மூன்று எரிதலுக்கும் சமன்பாடு ஒன்றுதான். சமன்பாட்டில் எடை இருக்கிறது, சூடு இருக்கிறது. காலத்துக்கு மட்டும் இடமில்லை.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட்டோம். ஒரு லிட்டர் முக்கால் கிலோ எடை, எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று இப்போது அவளே சொன்னாள். பெட்ரோலின் மூலம் பழங்காலக் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள். பெரும்பாலும் நெய்வேலிக் கரியைவிட மூத்தது. இந்தப் பயணத்துக்கு நாங்கள் எரித்த பெட்ரோல் விட்ட கார்பன் டை ஆக்சைடின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என் வெயிட்டைவிட ஜாஸ்தி" என்றாள். அடுத்த முறை விழுப்புரம் வரை ரயிலில் வருவோம் என்று முடிவாயிற்று.

அவள் புத்தகத்தில் எரிபொருள்களுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. பெயருக்கு ஒரு கட்டம், கலோரி மதிப்புக்கு ஒரு கட்டம். பக்கத்தில் மூன்றாவதாக, உருவாக எடுத்துக்கொண்ட காலம் என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். சாண எரிவாயு: சில வாரம். விறகு: சில ஆண்டு. நெய்வேலிக் கரி: 2 கோடி ஆண்டு. பெட்ரோல்: பல கோடி ஆண்டு. எந்த எரிபொருளை விட்டு எதற்குப் போக வேண்டும் என்ற பெரிய விவாதமெல்லாம் அந்த மூன்றாவது கட்டத்தில் அடங்கிவிடுகிறது. விழுப்புரம், கடலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு அதை நிரப்ப ஆய்வகம்கூட வேண்டாம். ஒரு பேருந்து பிடித்தால், காலையில் கல்மரம், மதியம் கரி, மாலையில் அடுப்பு என்று இருட்டுவதற்குள் பிள்ளைகளை வீடு சேர்த்துவிடலாம்.